விரலுக்கேற்ற வீக்கம்

– இளம் அறிவியல் (இயற்பியல்), இரண்டாம் ஆண்டு

சென்ற ஆண்டு தேசிய மாணவர் படை முகாமில் ஓர் இரவு. சாப்பாடு முடிந்து, தட்டுக் கழுவி, கூடாரத்துக்குள் வந்து விரிப்பில் சாய்ந்ததும் ஒரு பட்டிமன்றம் தொடங்கியது. தலைப்பு: கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் தலைசிறந்தது எது? நொடியில் இரண்டு கட்சிகள் பிரிந்துவிட்டன. ஒன்று ‘நாற்பத்தைந்து’ கட்சி. மற்றொன்று ‘ஒன்பது மில்லிமீட்டர்’ கட்சி. “நாற்பத்தைந்து பட்டால் ஆள் அப்படியே பின்னால் பறப்பான்” என்றார் ஒரு நண்பர். “உலகத்துப் படைகளெல்லாம் ஒன்பதைத்தானே வைத்திருக்கின்றன, அவர்களெல்லாம் முட்டாள்களா?” என்று கேட்டார் மற்றொருவர். “நீ எந்தக் கட்சி?” என்று என்னையும் இழுத்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. காரணம் அடக்கம் அன்று, அறியாமை.

அந்த அறியாமை ஓராண்டாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கிடைத்ததைப் படித்தேன். வகுப்பில் கற்ற உந்தத்தையும் இயக்க ஆற்றலையும் வைத்துக் கணக்கும் போட்டுப் பார்த்தேன். இன்று என் கட்சியைச் சொல்லத் துணிகிறேன். ‘துப்பாக்கி வாங்க வழி சொல்கிறாயா?’ என்று பேராசிரியப் பெருமக்கள் ஐயுற வேண்டாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாதவன் கையில் துப்பாக்கிக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நான் பேச வந்தது வாங்குவதைப் பற்றியன்று, தேர்ந்தெடுப்பதைப் பற்றி. ஒன்றை நாம் ‘சிறந்தது’ என்று எதைக் கொண்டு முடிவு செய்கிறோம்? அதுவே என் கேள்வி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் மருந்து, உள்ளே வெடிமருந்துத் தூள், வாயில் ஈயக் குண்டு – இந்த நான்கும் சேர்ந்ததே தோட்டா. குழலைவிட்டுப் பறப்பது குண்டு மட்டுமே. ‘.45’ என்பது குண்டின் குறுக்களவு ஓர் அங்குலத்தில் நூற்றில் நாற்பத்தைந்து பங்கு என்பதைக் குறிக்கும். அதாவது 11 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்.

இந்த .45 புகழ் பெற்ற கதையை முதலில் பார்ப்போம். 1898இல் ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்காவின் கைக்கு மாறின. தங்கள் மண்ணில் புதிய எசமானன் வந்து அமர்வதை அத்தீவின் மக்கள் விரும்பவில்லை. தெற்கே மோரோ மக்கள் வாளும் கத்தியும் ஏந்தி அமெரிக்கச் சிப்பாய்களின் மேல் பாய்ந்தார்கள். சிப்பாய்களிடம் இருந்தது .38 ரிவால்வர். சுட்ட பின்னும் சிலர் நிற்கவில்லை, ஓடிவந்து வெட்டினார்கள். ‘தோட்டா போதவில்லை’ என்று முறையீடு எழுந்தது. கிடங்கில் கிடந்த பழைய .45 ரிவால்வர்களைத் தூசி தட்டிக் கப்பலில் ஏற்றினார்கள்.

பிறகு 1904இல் தாம்சன் என்ற படை அதிகாரியும் லகார்டு என்ற இராணுவ மருத்துவரும் சிகாகோவின் கால்நடைத் தொட்டியில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். உயிருள்ள மாடுகளைப் பல அளவுத் தோட்டாக்களால் சுட்டுப் பார்த்தார்கள். பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, அவை எவ்வளவு அசைகின்றன என்று கண்ணால் மதிப்பிட்டார்கள். மாடுகளோ எண்ணிக்கையில் மிகச் சில. குண்டு பட்ட இடமும் மாட்டுக்கு மாடு வேறு. கிடைத்த முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆயினும் ‘.45க்குக் குறைந்த தோட்டா படைக்கு உதவாது’ என்று அறிக்கை எழுதினார்கள். அதன் வழியே ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டல் 1911இல் அமெரிக்கப் படையின் ஆயுதமாயிற்று. 1985 வரை, ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு, அது அசையவில்லை.

நண்பர்களே, இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஆய்வகம் நினைவுக்கு வந்துவிட்டது! ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும் என்று நமக்கு முன்பே தெரியும். அந்த விடையைப் பதிவேட்டின் கடைசியில் எழுதிவிட்டு, அதற்கேற்ற அளவீடுகளை அட்டவணையில் நிரப்பும் ‘திறமைசாலிகள்’ நம்மிடையே இல்லையா? சிகாகோவில் நடந்ததும் ஏறக்குறைய அதுதான். விடை பிலிப்பைன்ஸிலேயே எழுதப்பட்டுவிட்டது. அளவீடு பிறகு வந்தது. இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. ‘நிறுத்தும் திறன்’ என்று இன்றும் பெருமையாகப் பேசுகிறார்களே, யாரை நிறுத்த அது தேவைப்பட்டது? தன் மண்ணுக்காக ஓடிவந்தவனை நிறுத்த. அடிமைத்தளையை அறுத்த நாட்டில் பிறந்த நாம் அதை மறந்துவிட்டு அந்தச் சொல்லை வாயாரப் புகழலாமா?

சரி, உணர்ச்சியை ஒதுக்கிவைத்துக் கணக்குக்கு வருவோம். .45 குண்டு ஏறத்தாழ 15 கிராம் எடை. நொடிக்கு 255 மீட்டர் வேகம். பெருக்கினால் உந்தம் 3.8 அலகு. 9 மி.மீ. குண்டு 8 கிராம், வேகம் நொடிக்கு 350 மீட்டர், உந்தம் 2.8. ஆகவே உந்தத்தில் .45 வெல்கிறது. இயக்க ஆற்றலைக் கணக்கிட்டாலோ இரண்டும் ஏறக்குறைய 480, 490 ஜூல். வேறுபாடே இல்லை எனலாம். ஒரே இரண்டு தோட்டாக்கள். ஒரு கணக்கில் ஒன்று பெரிது, மற்றொரு கணக்கில் இரண்டும் சமம். கட்சிக்காரர்கள் தத்தமக்குப் பிடித்த கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு நூறாண்டு வாதாடியதில் வியப்பென்ன?

‘ஆள் பின்னால் பறப்பான்’ என்பதையும் பார்த்துவிடுவோம். 3.8 அலகு உந்தம் முழுவதையும் 70 கிலோ எடையுள்ள மனிதன் வாங்கிக்கொண்டால் அவன் பெறும் வேகம் நொடிக்கு ஐந்தரை சென்டிமீட்டர். எறும்பைவிடச் சற்று விரைவு! நியூட்டனின் மூன்றாம் விதியோ யாருக்கும் சலுகை காட்டாது. குண்டு பட்டவனைத் தூக்கி எறியும் உந்தம் அதற்கு இருக்குமானால், சுட்டவனும் அதே அளவு பின்னால் பறந்தாக வேண்டும். திரைப்படத்தில் கதாநாயகன் மட்டும் சட்டை கசங்காமல் நிற்கிறான், வில்லன் மட்டும் மேசை நாற்காலிகளை உடைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் விழுகிறான் என்றால், அங்கே இழுத்தது குண்டன்று, கயிறு!

இன்னொரு கணக்கும் உண்டு. நம் மைதானத்திலேயே சரிபார்க்கலாம். கிரிக்கெட் பந்து 160 கிராம். நல்ல வேகப்பந்து வீச்சாளர் மணிக்கு 140 கிலோமீட்டரில் வீசினால் அதன் உந்தம் 6.2. .45 குண்டைவிட அது ஒன்றரை மடங்குக்கும் அதிகம்! விக்கெட் காப்பாளர் அதைக் கையுறையில் பிடித்துச் சிரிக்கிறார். காரணம் என்ன? பந்தின் பரப்பு பெரிது, விசை பரவிவிடுகிறது. குண்டின் முனையோ சிறிது, அழுத்தம் ஒரு புள்ளியில் குவிகிறது, துளைத்துச் செல்கிறது. ஆகவே குண்டு செய்யும் வேலை தள்ளுவதன்று, துளைப்பது. எங்கே துளைக்கிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதே கேள்வி. அளவு பெரிதா சிறிதா என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

இந்த உண்மையை உயிர் கொடுத்துக் கற்றவர்கள் உண்டு. 1986 ஏப்ரல் 11ஆம் நாள் அமெரிக்காவின் மயாமி நகரில் எஃப்.பி.ஐ. புலனாய்வாளர்களுக்கும் வங்கிக் கொள்ளையர் இருவருக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. கொள்ளையருள் ஒருவனை ஒரு 9 மி.மீ. குண்டு தொடக்கத்திலேயே தாக்கியது. கையைத் துளைத்து மார்புக்குள் நுழைந்த அந்தக் குண்டு, இதயத்தை எட்டாமல் நின்றுவிட்டது. அதன் பிறகும் அவன் ரைஃபிளால் சுட்டுக்கொண்டே இருந்தான். புலனாய்வாளர் இருவர் இறந்தனர், ஐவர் காயமுற்றனர். கொள்ளையர் இருவரும் இறுதியில் மாண்டனர்.

இம்முறை மாட்டைக் கட்டவில்லை. உடலின் தசையைப் போன்ற ஜெலட்டின் கட்டியில் சுட்டு ஆழத்தை அளந்தார்கள்; குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்று வரையறுத்தார்கள். இது முறையான அறிவியல். ஆனால் அதன் பிறகு என்ன நடந்தது? ‘9 போதாது, பெரிது வேண்டும்’ என்று 10 மி.மீ. தோட்டாவைத் தேர்ந்தார்கள். அதன் உதைப்பைப் பலரால் தாங்க முடியவில்லை. மருந்தின் வேகத்தைக் குறைத்தார்கள். குறைத்த மருந்துக்கு அவ்வளவு நீளக் கூடு எதற்கு என்று கூட்டைக் குறைத்து, 1990இல் .40 என்ற புதிய தோட்டா பிறந்தது. அமெரிக்கக் காவல்துறைகள் பலவும் அதற்கு மாறின. அதற்குள் குண்டு செய்யும் கலையும் வளர்ந்துவிட்டது. 2014இல் எஃப்.பி.ஐ.யின் பயிற்சிப் பிரிவு மீண்டும் கணக்கெடுத்தது. நல்ல குண்டுகளாக இருந்தால் 9, .40, .45 மூன்றும் உண்டாக்கும் காயத்தில் கண்டறியத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் பெரும்பாலோர் 9 மி.மீ. பிஸ்டலால் விரைவாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பது அதன் முடிவு. முப்பதாண்டு ஊர் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்தார்கள்!

வெறுங்கையோடு வரவில்லை, ஒரு பாடத்தோடு வந்தார்கள். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரே நிற்பவனின் உடலை மட்டும் அளந்தால் போதாது. பிடித்திருப்பவனின் கையையும் அளக்க வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் படையும் இதையே உணர்ந்துதான் தன் பெரிய .455 ரிவால்வரை ஓரங்கட்டிவிட்டு .38 ரிவால்வருக்கு இறங்கிவந்தது. அவசரப் பயிற்சி பெற்ற சிப்பாயின் கைக்குப் பெரிய ரிவால்வர் அடங்கவில்லை. வள்ளுவர் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மாற்றான் வலியை மட்டுமா எடைபோடச் சொன்னார்? தன் வலியையும் எடைபோடச் சொன்னார் அல்லவா?

புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே நான் இதைக் கண்டிருக்கிறேன். என் தந்தையார் பள்ளிக்கூட வாசலை மிதித்தவரல்லர். கொல்லுப் பட்டறைக்கு அரிவாள் வாங்கப் போனால், ‘இருப்பதில் பெரியது எது?’ என்று கேட்கமாட்டார். ஒவ்வொன்றாகக் கையில் எடுப்பார். மணிக்கட்டைச் சுழற்றிப் பார்ப்பார். காற்றில் இரண்டு வீச்சு வீசுவார். “கைக்கு உட்காரணும்ப்பா. உட்காராத அருவா ஊரான் அருவா” என்பார். எஃப்.பி.ஐ. முப்பதாண்டில் கற்ற பாடம், எங்கள் ஊர்ப் பட்டறையில் ஐந்து நிமிடப் பாடம்.

‘அப்படியானால் நீ ஒன்பது கட்சிதானே?’ என்று கேட்பீர்கள். காவலருக்கும் படைவீரருக்கும் எது நல்லது என்றால், ஆம், ஒன்பதுதான் என்பேன். ஆனால் நான் காவலனும் அல்லன், படைவீரனும் அல்லன். எனக்கு விருப்பமான தோட்டா எது என்று கேட்டால் என் விடை வேறு. அது .22 லாங் ரைஃபிள் என்னும் சிறு தோட்டா. பெயரில் ரைஃபிள் இருந்தாலும் கைத்துப்பாக்கிக்கும் அதுவே பொருந்தும். சுண்டுவிரல் நகம் மூடிவிடும் குறுக்களவு; குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். 1887இல் அமெரிக்காவில் பிறந்தது. இன்றும் மாறாமல் உலகெங்கும் புழங்குகிறது.

கூடாரத்தில் சொன்னால் சிரித்திருப்பார்கள். ஏன் விருப்பம் என்று சொல்கிறேன். அதே முகாமில் மறுநாள் காலை எங்களைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றார்கள். .22 ரைஃபிள், 25 மீட்டர், படுத்த நிலை, ஆளுக்கு ஐந்து தோட்டா. என் ஐந்தும் அட்டையில் ஐந்து திசையில் கிடந்தன. துப்பாக்கியில் கோளாறு என்றேன். ஹவில்தார் ஒன்றும் பேசவில்லை. தோட்டா இல்லாத ரைஃபிளை என் தோளில் கொடுத்து, குழலின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்தி, “சுடு” என்றார். விசையை இழுத்தேன். வெடிக்க ஒன்றுமில்லை, உதைக்க ஒன்றுமில்லை, ஆயினும் நாணயம் மண்ணில் விழுந்தது. “தம்பி, துப்பாக்கி வெடிக்கட்டும், அதுக்கு முன்னாடி நீ வெடிக்காதே” என்றார். அப்போதுதான் தெரிந்தது, விசையை இழுக்கும் முன்பே நான் கண்ணை மூடித் தோளை இறுக்கியிருக்கிறேன் என்பது. கோளாறு துப்பாக்கியில் இல்லை. என் அச்சத்தில் இருந்தது. நாணயம் விழாமல் இழுக்கப் பழக அன்று பொழுது முழுவதும் ஆயிற்று.

.22இன் உதைப்பு மிகமிகக் குறைவு. ஒரு கிலோ எடையுள்ள பிஸ்டலில் .45 தரும் உதைப்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆகவே அது சுடுபவனின் குற்றத்தை மறைப்பதில்லை. பெரிய தோட்டாவில் குறி தவறினால் ‘உதைத்துவிட்டது’ என்று தப்பித்துக்கொள்ளலாம். இதில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. ஒலிம்பிக்கில் 25 மீட்டர் பிஸ்டல் போட்டிகள் இந்தச் சிறு தோட்டாவால்தான் நடக்கின்றன. 2012இல் இலண்டனில் விரைவுச் சுடுதலில் நம் படைவீரர் விஜய்குமார் வெள்ளிப் பதக்கம் வென்றதும் இதைக் கொண்டுதான். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி மட்டுமன்று, பதக்கப் பட்டியலும் கூட!

இங்கே ஒரு மறுப்பு எழும், எழ வேண்டும். ‘உன் சிறு தோட்டா அப்பாவியா?’ என்பது அது. இல்லை. .22 குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 120 ஜூல். நாம் சொன்ன கிரிக்கெட் பந்தின் ஆற்றலும் அதே அளவுதான். ஆனால் பந்தைக் கையால் பிடிக்கலாம். இதைப் பிடிக்க முடியாது. 1968இல் அமெரிக்காவில் இராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது .22தான். ஏன், அவ்வளவு தொலைவு போவானேன்? மதுரைக்குப் போங்கள். அங்கே காந்தி நினைவு அருங்காட்சியகத்தில், 1948 சனவரி 30 அன்று அண்ணல் அணிந்திருந்த ஆடையின் குருதிக் கறை படிந்த பகுதியைக் காணலாம். கறுத்துப்போன அந்தக் கறையின் முன் யாரும் உரக்கப் பேசுவதில்லை. அவரைக் கொன்ற பிஸ்டலின் தோட்டா 9 மி.மீ. குட்டை வகை. ‘வலுவற்றது, விளையாட்டுப் பொருள்’ என்று தோட்டா விரும்பிகள் இகழும் வகை! மூன்று குண்டுகள். ஒரு நாட்டின் தந்தையைச் சாய்க்க அதுவே போதுமானதாக இருந்தது.

அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நின்றபோது, எங்கள் கூடாரப் பட்டிமன்றம் எனக்கு நாணத்தைத் தந்தது. ஆளைப் பறக்கவிடும் தோட்டா உலகில் இல்லை. ஆளைக் கொல்லாத தோட்டாவும் இல்லை. இந்த இரண்டும் ஒருங்கே உண்மை. முதல் உண்மையை அறியாதவன் பெரிய தோட்டாவைக் கண்டு மயங்குவான். இரண்டாம் உண்மையை மறந்தவன் சிறிய தோட்டாவை அலட்சியமாகக் கையாளுவான். இருவருமே ஆபத்தானவர்கள்.

ஆகவே என் கட்சி இதுதான். சுடத்தான் வேண்டும் என்ற கடமை உள்ளவர்கள், தங்கள் கைக்கு அடங்குவதைத் தேர்ந்தெடுக்கட்டும். பெருமைக்காகப் பெரியதைத் தூக்க வேண்டாம். கடமை இல்லாத நம் போன்றோர்க்குக் காகித அட்டையும் .22உமே போதும். மற்றத் தோட்டாக்கள் எதிரியை வெல்லும் என்று விற்கப்படுகின்றன. இது என் நடுங்கும் கையை வெல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதனாலேயே இதன்மேல் எனக்கு விருப்பம்.

தோட்டாவோடு இது முடிந்துவிடுவதில்லை, தோழர்களே! எந்தப் பாடப்பிரிவு பெரிது, எந்தப் பட்டம் பெரிது, எந்த வேலை பெரிது என்று நாமும் கட்சி கட்டித்தான் வாதாடுகிறோம். ‘பெரியது எது?’ என்பது எளிதான கேள்வி. யாரும் விடை சொல்லிவிடுவார்கள். ‘என் கைக்கு உட்காருவது எது?’ என்பது கடினமான கேள்வி; அதற்கு நம்மையே அளந்தாக வேண்டும். விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்றார்கள் முன்னோர். அளவீடு முதலில் வரட்டும். விருப்பம் பிறகு வரட்டும். முடிவு கடைசியில் வரட்டும்.

இந்த ஆண்டு முகாமிலும் அதே பட்டிமன்றம் நடக்கும். “நீ எந்தக் கட்சி?” என்று என்னையும் கேட்பார்கள். இம்முறை வாய் மூடியிருக்கமாட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து நீட்டுவேன்.